வாலில் கட்டிய ஸ்டார்

தூத்துக்குடியை நெருங்கும்போது அமலதாசனின் குட்டி விமானத்தில் பேட்டரி இறங்கிவிட்டது. அப்படியானால், தேவையில்லாததை எல்லாம் விமானமே பார்த்து அணைத்துவிடும். ஏசி நின்றது, பாட்டு நின்றது, உள்விளக்கும் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு வாலில் கட்டி, ஈஸ்டர் தாண்டியும் கழற்றாத ஸ்டார் மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

“நமக்கு வேர்த்து ஊத்துது. இதுக்கு அந்த ஸ்டார்தான் முக்கியமா அத்தான்?” என்றான் பக்கத்தில் இருந்த மைத்துனன் சேவியர்.

அமலதாசன் ஸ்டாரை அணைத்தார். விமானம் மறுபடி போட்டுக்கொண்டது.

அந்தி வானத்தில் வீடு திரும்பும் விமானங்கள் எல்லாம் ஒரே மாதிரி சிவப்பும் பச்சையுமான விளக்குகளோடு போய்க்கொண்டிருந்தன.

போன் அடித்தது. மொட்டைமாடியிலிருந்து மனைவி ரோஸ்லின். “ஸ்டாரப் பாத்துட்டேன். மீன எண்ணெயில போடுறேன், சூடு ஆறுறதுக்குள்ள வந்து சேருங்க.”

தினமும் கேட்கிற பேச்சுதான். விமானமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

“எரியட்டும்டா,” என்று அமலதாசன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.