அக்காவோட பழசு

ஜீப் மறுபடியும் ஹாரன் அடித்தது. ஜெனிஸ் ஸ்வெட்டரைத் தொடவில்லை.

அது கட்டில்மேல் கிடந்தது. பள்ளிக்கூடத்து மெரூன் கலர், என் மனைவி கெஸியா கையால் பின்னியது.

"எனக்கு வேண்டாம்மா. புதுசு அக்காவுக்குத்தானே?"

நான் என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுச் சட்டம் அது. கெஸியா போட்டது. குளிர் தொடங்கியதும் பெரியவள் ஆஷ்லிக்குப் புது ஸ்வெட்டர், அவளுடைய பழசு சின்னவளுக்கு. சட்டத்தைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை. நான் கம்பளி நூல் வாங்கிவரும் ஆள் மட்டும்தான்.

வருஷா வருஷம் ஜெனிஸ் இதற்கு ஒரு பாட்டம் அழுவாள். அரவேணு கடைவீதி வரைக்கும் கேட்கும்.

முக்கியமான எரிச்சல் கழுத்துக்கு உள்பக்கம். பள்ளியில் எல்லா ஸ்வெட்டரும் ஒரே நிறம், மாறிப்போய்விடும். அதனால் கெஸியா உள்ளே ஒரு வெள்ளைத் துணித்துண்டை வைத்துத் தைத்து, சிவப்பு நூலால் முதல் எழுத்தைப் போடுவாள். ஆஷ்லிக்கு 'ஆ'. அது சின்னவளுக்கு வரும்போது 'ஆ'வைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் 'ஜெ'.

நூலைப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டைகள் போகாது. ஜெனிஸ் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆஷ்லிக்குக் காய்ச்சல் வந்தது. கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.



அப்போது அவளுக்கான அந்த வருஷத்து ஸ்வெட்டர் ஊசியில் இருந்தது. உடம்பு முடிந்திருந்தது, கை இரண்டும் பாக்கி. கெஸியா அதை ஊசியோடு சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

அக்காவின் கடைசிப் பழசையே ஜெனிஸ் இரண்டு குளிருக்கும் போட்டாள். ஒரு தடவைகூட அழவில்லை.

இந்த வருஷம் அது மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. நான் ஊட்டிக்குப் போய் நூல் வாங்கிவந்தேன். அதே மெரூன் கிடைக்கவில்லை. கெஸியா பெட்டியில் சுருட்டி வைத்திருந்ததை எடுத்துக் கைகளைப் பின்னினாள். உற்றுப் பார்த்தால் கை மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும்.

நேற்று சாயங்காலம்தான் கடைசி வரிசையை முடித்து நூலை அறுத்தாள்; கழுத்துக்குள் அப்போது துணித்துண்டு இல்லை. ஆஷ்லி இதை அளவு பார்க்கக்கூடப் போட்டதில்லை.

புதுசைப் போட்டுக்கொண்டால் வீட்டில் ஜெனிஸ்தான் பெரியவள் என்றாகிவிடும். அவளுடைய பயம் அதுதான். நூல் வாங்கும்போது எனக்கு இது தோன்றவே இல்லை.

வெளியே மறுபடி ஹாரன். டிரைவர் முருகன் பொறுமைசாலி, ஆனால் ஜீப்பில் மற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பழசையே போட்டுக்கொண்டு போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

கெஸியா முந்திக்கொண்டாள். டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தபடியே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"புதுசுன்னு யாரு சொன்னா? உள்பக்கம் திருப்பிப் பாரு, கண்ணு."

ஜெனிஸ் நம்பாமல்தான் திருப்பினாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

வெள்ளைத் துணியில் சிவப்பாக 'ஜெ'. அதைச் சுற்றிலும் ஊசி போன ஓட்டைகள். ஓரத்தில், பிரிக்கும்போது விட்டுப்போன சிவப்பு நூல் துணுக்கு ஒன்று.

ஓட்டைகளின்மேல் ஜெனிஸ் விரலை மெதுவாக ஓட்டினாள். விரல் 'ஆ' போட்டது.

நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஜீப் வளைவு திரும்பிப் போனது. பாலிஷ் போட்ட ஷூவுக்கே நான் மறுபடி பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கெஸியா இருந்த பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.