புகைபோக்கிக்குள் ஒரு கூடு

முழங்கை வரை கையை உள்ளே விட்டதும் விரலில் துணி தட்டுப்பட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பதினெட்டு வருடமாகக் கொத்து வேலை செய்கிறவன். புகைபோக்கிக்குள் புறா கூடு கட்டும். குளவி கட்டும். துணி எங்கிருந்து வரும்?

"என்னடா, ஏதாவது அடைச்சிருக்கா?" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா கேட்டாள். அங்கிருந்து அவளுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரியும்.

"பார்க்கிறேன்க்கா. நீ ஏணியை விட்டுடாதே."

"நான் ஏணியைப் பிடிக்கிறது இருக்கட்டும், நீ கூரையை உடைச்சிடாதே. போன தடவைக்கு இப்ப பத்து கிலோ ஏறியிருக்கே."

சாயங்காலம் அக்காவின் மகள் பதினோரு நாள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். குளிரோ எலும்பைக் குடைகிறது. ஒரு வருடமாகத் தீயே காணாத கணப்பை இன்று மூட்டியாக வேண்டும். "நீயே வாடா. வேற ஆளை அனுப்பிடாதே" என்று அக்கா போனில் சொன்னபோது, தம்பி வேலை மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன வருடம், குளிர் தொடங்கிய முதல் நாள், அக்காவின் வீட்டுக்காரர், அவனுடைய மாமா, கணப்பில் கரியைக் கனியவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினார்.

எழுந்திருக்கவில்லை.

விடிந்ததும் முதலில் பார்த்தவள் அக்கா. மூடிய அறை, கரிப்புகை, வெளியேற வழியில்லை என்றார் டாக்டர்.

"ஜன்னலைச் சாத்தினது நான்தான்" என்று அக்கா அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அழக்கூட இல்லை.

அன்றோடு மாமாவின் அம்மா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே சமையலறை. உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். "எம்புள்ளையைக் கொன்ன கை" என்று பேத்தியிடம் சொல்வார், அக்காவின் காதில் விழுகிற மாதிரி.

புகைபோக்கியை யாரும் சந்தேகப்படவில்லை. பத்தே நாளைக்கு முன்புதான் அவன் அதைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தான். உச்சியில் பொடிந்துபோன நாலு வரிசைச் செங்கல்லைப் பிரித்து, புதுக் கல் வைத்து, இடுக்கெல்லாம் சாந்து அடைத்து, மழை இறங்காமல் மேலே மூடிக்கல்லும் ஏற்றி... கண்ணில் ஒற்றிக்கொள்கிற வேலை.

அந்த மூடிக்கல்லைத்தான் இப்போது நெம்பி நகர்த்தியிருந்தான்.

மறுபடி கையை விட்டான். கொத்தாகப் பிடித்து இழுத்தான். முரண்டு பிடித்தது. பிறகு பொதுக்கென்று வந்தது.

சுருட்டிய துணி. அடிப்பக்கம் முழுக்கக் கரி. விரலால் துடைத்தான். கரிக்கு அடியில் நீலம். மூன்று பித்தளைப் பொத்தான். நாலாவது மட்டும் கறுப்பு.

அவனுடைய வேலைக்கோட்டு.

கூரை நழுவுவது போலிருந்தது. செங்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

உச்சியில் கல்லைக் கொத்தும்போது சில்லும் சாந்தும் அறைக்குள் கொட்டும். கொட்டாமலிருக்கத் துளையில் ஒரு சாக்கைத் திணித்து வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும். அன்று சாக்கு கொண்டுவர மறந்து, கோட்டைக் கழற்றித் திணித்தான். கடைசிக் கல் உட்காரும்போது மழை பிடித்துக்கொண்டது. மூடிக்கல்லை இழுத்துப் போட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

அதோடு துடைத்தாற்போல் மறந்துபோனது.

மறுநாள் வீடெல்லாம் கோட்டைத் தேடியது ஞாபகம் வந்தது. "மாமா, கோட்டைச் சுட்டது நீங்கதானே?"

"உன் தொப்பைக்குத் தெச்சது எனக்கெதுக்குடா? கூடாரம் போடவா?"

மாமா சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

 

பின்கதவு திறந்தது. மாமாவின் அம்மா முற்றத்துக்கு வந்து, அக்காவைத் தாண்டி, நேராக அவனை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, என்ன இருந்துச்சு உள்ள?"

சொல்லிவிட்டால் அக்காவின் தலையிலிருந்து பழி இறங்கும். நாளை முதல் அத்தை அவளிடம் உப்பை முகம் பார்த்துக் கேட்பார். ஒரே வார்த்தை போதும்.

அவன் வாயைத் திறந்தான்.

"கூடு, அத்தை. புறாக்கூடு."

"ம்" என்றபடி அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏணி கிறீச்சிட்டது. நிமிர்ந்தால், கூரை விளிம்பில் அக்காவின் முகம். இடுப்புவலிக்காரி, இத்தனை படி எப்படி ஏறினாளோ. கையில் மடித்த சாக்கு.

"இதுக்குள்ள வெச்சுக் கட்டு." குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கறுப்புப் பொத்தான் அத்தை தெச்சுக் குடுத்தது. கண்ணுல பட்டா கண்டுபிடிச்சிடுவாங்க."

கோட்டு என்ற சொல்லையே அவன் உச்சரித்திருக்கவில்லை.

"அக்கா... உனக்கு எப்ப..."

"அன்னிக்குக் காலையிலேயே. கணப்புக்குள்ள தலையை விட்டு டார்ச் அடிச்சேன். உன் கோட்டுக் கை தொங்கிட்டிருந்தது."

சாக்கை அவன் மடியில் போட்டாள்.

"அப்புறம்தான்டா அந்த ஜன்னலைச் சாத்தினேன்."