கொஞ்சம் அட்ஜஸ்ட்

நான்கு பேர் உட்காரும் இருக்கையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. அதுதான் சிக்கல்.

அவளுக்கு இன்னும் ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாமியாருக்கு.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் பாசஞ்சர். குற்றாலத்தில் சாரல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஊரே துண்டோடு ஏறியிருந்தது.

மாமியாருக்கு வலது முட்டி சரியில்லை. பேட்டை தாண்டியதும் உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றினார். அவள் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை மாமியாரும் பார்த்துவிட்டார்.

உடனே இரண்டு காலையும் சமமாக ஊன்றிக்கொண்டார்.

முட்டியைப் பற்றி வெளியில் பேசக் கூடாது. வீட்டுச் சட்டம்.

ஆனால் இப்படியே தென்காசி வரை நின்றால் அருவிக்கரைப் படியில் முட்டி மடங்காது. போன வருடமும் இப்படித்தான். எல்லோரும் நனைந்துவிட்டு வந்தார்கள். மாமியார் கடை வாசலில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலோரம் கண்ணாடி போட்ட ஒருவர். அவரிடம் குனிந்தாள்.

"சார், வயசானவங்க. கொஞ்சம் இடம் கொடுக்க முடியுமா?"

அவர் எழப் பார்த்தார்.

"யாரு வயசானவங்க?" என்றார் மாமியார். "நீங்க உக்காருங்க தம்பி. அவ சும்மா சொல்லுதா."

தம்பிக்கு எழுபது இருக்கும். மகிழ்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் சொல்லாமல் எதையும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால்கூட வெயிலைக் குறிப்பிடுவாள். இங்கே இருப்பது ஒரே காரணம். அதையும் சொல்லக் கூடாது.

சேரன்மகாதேவியில் ஒரு தடித்த மனிதர் ஏறினார். தோளில் துண்டு. கையில் நல்லெண்ணெய்ப் பாட்டில். எதிர் இருக்கையைப் பார்த்தார். அங்கேயும் நான்கு பேர்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட்" என்றார்.

யாரிடம் என்று சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. சொல்லி முடிப்பதற்குள் பாதி உட்கார்ந்திருந்தார்.

ஒரு பை மடிக்கு ஏறியது. ஒரு முழங்கை உள்ளே போனது. தூங்கிக்கொண்டிருந்தவர் தூங்கியபடியே நகர்ந்தார்.

ஐந்து பேர்.

அவள் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கிருந்து வந்தது அந்த இடம்?

கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

எழுந்திருங்கள் என்றால் ஒருவர் தன் இடத்தை இழக்க வேண்டும். நகருங்கள் என்றால், நான் மட்டும் ஏன் என்று அவர் நினைப்பார். இந்தச் சொல் யாரையும் பார்த்துச் சொல்லப்படுவதில்லை. அதனால் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுகிறது. ஆளுக்கு விரலளவு கொடுத்தால் போதும்.

விரலளவுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

இத்தனை நல்ல சொல்லை அவள் மூன்று வருடமாக வாயில் எடுத்ததில்லை. கல்யாண மண்டபத்தில் ஒரு வரிசையே அவள் காதில் அதைச் சொல்லிவிட்டுப் போனது. மாமியார் கொஞ்சம் அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அங்கே மட்டும் எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

மாமியாரின் கை கம்பியில் இறுகியது.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

பைகள் அசைந்தன.

"ஏன்னா..."

பைகள் நின்றன. நான்கு முகங்கள் நிமிர்ந்து காரணத்துக்குக் காத்திருந்தன. மாமியாரின் முகமும் திரும்பியது.

எண்ணெய்ப் பாட்டில்காரருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னாவ விடுங்கம்மா. சொல்லிக்கிட்டே உக்காந்துரணும். வெளக்கம் சொல்லி முடிக்கதுக்குள்ள தென்காசியே வந்துரும்."

பெட்டி சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி சொன்னாள். சொல்லிக்கொண்டே மாமியாரின் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"எனக்கு என்னத்துக்கு" என்றபடி மாமியார் உட்கார்ந்தார்.

அம்பாசமுத்திரம் வந்தது. ஏறிய கூட்டம் அவளை நடைவழியிலிருந்து இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தள்ளியது. கம்பி கைக்கு எட்டவில்லை. ரயில் கிளம்பிய குலுக்கலில் எண்ணெய்ப் பாட்டில் மேலேயே விழப் பார்த்தாள்.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட்."

பக்கத்தில் ஒரு கை அகலம் திறந்தது. மாமியார் அதைத் தட்டிக் காட்டினார்.

"வா பிள்ள. இங்கன உக்காரு."

உட்கார்ந்தாள். இடுப்பு நுழைந்துவிட்டது. தோள் நுழையவில்லை. அவள் தோளும் மாமியார் தோளும் இடித்துக்கொண்டு நின்றன. இரண்டு பேருமே மரியாதைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தென்காசி வரை போக முடியாது.

அவள் எதிர் இருக்கையைப் பார்த்தாள். அங்கே ஐந்து பேரும் ஒரே கோட்டில் இல்லை. ஒருவர் நுனிக்கு வந்திருந்தார். அடுத்தவர் பின்னால் சாய்ந்திருந்தார். அதற்கடுத்தவர் மறுபடி நுனியில்.

இடுப்பைவிடத் தோள்தான் அகலம். இடுப்புகள் ஒரே வரிசையில் இருக்கலாம். தோள்கள் இருக்க முடியாது.

அவள் நுனிக்கு வந்தாள்.

பின்னால் ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. ஒரு வலது கால் மெல்ல நீண்டு, அவள் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை.

ஒருவர் முன்னால் தள்ளி உட்கார்ந்தால், அடுத்தவர் பின்னால் சாய்ந்துகொள்ளலாம்.