ஏழாம் வாய்ப்பாட்டுக் கும்மி

“சாருக்கு மாலைய நானே போடுறேன்” என்று தேவி டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டாள். தலைமையாசிரியர் ஆதிநாராயணன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். பள்ளிக்கு யார் வந்தாலும் வகுப்பறையை விட்டு வெளியே தலைகாட்டாதவள் அவள்.

மலைமேல் புதூர்நாட்டைத் தாண்டி, ஜீப் மட்டுமே ஏறி வரும் ஊர் அது. அங்கிருந்த தொடக்கப் பள்ளிக்கு, பாட்டும் ஆட்டமுமாகக் கணக்குப் பாடம் நடத்த நவீன்குமார் வந்துகொண்டிருந்தான். அவனுடைய ‘வாய்ப்பாட்டுக் கும்மி’ வீடியோவைப் பார்க்காத ஆசிரியர்கள் இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் அவனைப் பள்ளி பள்ளியாக அனுப்பிக் கற்றுத்தர வைத்தது.

“இவரு நம்ம ஸ்கூலுக்கு வரணும்னு விடாம கேட்டுக்கிட்டே இருந்தது தேவி டீச்சர்தாங்க மேடம்” என்று கல்வி அதிகாரி பஷீராவிடம் ஆதிநாராயணன் பெருமையாகச் சொன்னார்.

ஜீப்பிலிருந்து குதித்து இறங்கிய நவீன்குமார், மாலையோடு நின்றவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

“தேவி? நீ இங்கயா இருக்கே?”

“ஆமா சார். வாங்க.”

மாலையைப் போட்டாள். போளூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது இருவரும் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்த கையோடு அவன் சென்னைக்குப் போய்விட்டான். அதன்பின் அவள் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவேயில்லை. அவனை நினைத்து அவள் பல்லைக் கடிக்காத நாள் இல்லை.

கூட்டத்திலிருந்து அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், “பழசையெல்லாம் மனசுல வச்சிக்காத தேவி” என்றான் தணிந்த குரலில்.

“பழசு இன்னா கீது? நீங்க பெரிய ஆளாய்ட்டிங்க. எனக்கு சந்தோஷந்தான்.”

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். தூரத்திலிருந்து கவனித்த ஆதிநாராயணன், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று தேவி விட்டுவிட்டாள். நவீன்குமாரின் தோள்கள் தளர்வதைப் பார்த்தபோது, கண்ணியில் முயல் கால் வைத்தது போலிருந்தது அவளுக்கு.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் வட்டமாக நின்றார்கள். பலா மரத்து நிழலில் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மூணு” என்று பாடி ஒரு தட்டு. “அஞ்சு” என்று இன்னொரு தட்டு. “பதினஞ்சு” என்று விடை வரும் மூன்றாம் தட்டில் வலது காலைத் தூக்கி ஒரு துள்ளல். நவீன்குமார் ஆடிக்காட்ட, பிள்ளைகள் துள்ளினார்கள், தடுமாறினார்கள், விழுந்து எழுந்து சிரித்தார்கள். வாய் மட்டும் பிசகாமல் ஐந்தாம் வாய்ப்பாட்டைச் சொல்லியது.

பஷீரா தன்னை மறந்து தாளம் போட்டார். “ரொம்ப நல்லா இருக்குது. ஆறு, ஏழெல்லாம் எப்போ வரும்?”

“ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பாட்டு கட்டணும் மேடம். ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் உருவாக்கவே எனக்கு வருஷக்கணக்கா ஆச்சு. மத்ததுக்கு யோசிச்சிட்டிருக்கேன்.”

இந்த இடத்துக்காகத்தான் தேவி காத்திருந்தாள். மெதுவாக எழுந்தாள்.

“எங்க நாலாம் வகுப்புப் பிள்ளைங்க ஏழு ஆடுவாங்க மேடம். சார் பாத்து, எதுனா தப்பு இருந்தா சொல்லட்டும்.”

அவனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

‘ஏழு மரத்துப் புளி உலுக்க ஏறி வாடி மலைமேல’ என்று பிள்ளைகள் எடுத்தார்கள். இரண்டு பாதமும் மண்ணில் அழுந்த, குனிந்து நிமிர்ந்து, வட்டம் தேங்காமல் சுழன்றது. ஒருவரும் துள்ளவில்லை, ஒருவரும் தடுமாறவில்லை. ஏழேழு நாற்பத்தொன்பதில் தாய்மார்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பஷீரா போனை எடுத்து வீடியோ பிடித்தார்.

“சாரு போட்ட ரூட்டுல நம்ம டீச்சரும் கெளம்பிட்டாங்க” என்று ஆதிநாராயணன் சிரித்தார்.

மாலையும் கழுத்துமாக நின்ற நவீன்குமாரை இப்போது யாரும் பார்க்கவில்லை. அவனால் அதைத் தாங்க முடியாது என்பது தேவிக்குத் தெரியும். வகுப்பில் இன்னொருத்தர் கை தட்டல் வாங்கினால் அவன் முகம் எப்படிப் போகும் என்பதைப் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தவள் அவள்.

அவன் மைக்கை வாங்கினான்.

“முயற்சி நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒரு பெரிய தப்பு பண்ணிட்டாங்க. மூணாவது தட்டுல வலது கால் மேல வரவேயில்ல. விடை வர்ற எடத்துல உடம்பு தரைய விட்டு எழும்பணும் மேடம். அப்பத்தான் கணக்கு மனசுல ஒட்டும். நான் ராத்திரி பகலா யோசிச்சு வச்ச அடி அது. இந்தக் கும்மிக்கு உயிரே அதுதான்.”

பெற்றோர்கள் தலையாட்டினார்கள். பிள்ளைகள் முகம் சுருங்கி தேவியைப் பார்த்தார்கள்.

“அவ்ளோ முக்கியமான அடிய நீங்க ஏன் டீச்சர் விட்டுட்டிங்க?” என்று பஷீரா கேட்டார்.

தேவி நவீன்குமாரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அதில் வரப்போகும் மாற்றத்தில் ஒரு துளியைக்கூட அவள் தவறவிட விரும்பவில்லை.

பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

“போளூர்ல நான் இந்தக் கும்மிய கட்டி இவருக்கு ஆடிக் காட்டுன அன்னிக்கு, என் வலது கால்ல முள்ளு குத்தியிருந்துச்சு மேடம்.”