தப்பு மேடம்

“அந்த ஒருத்தரை மட்டும் பழைய முறையிலேயே விட்டுடுங்களேன்” என்றாள் மனைவி, சோப்புக் கட்டிகளைத் தாளில் சுற்றிக்கொண்டே.

“ஒருத்தருக்காக மத்த எல்லாரையும் வெளியில நிறுத்தச் சொல்றியா?” கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான் கணவன். கேட்ட கையோடு இருமினான். மழை பிடித்த நாளிலிருந்து விடாத இருமல்.

அந்த முன்னறைதான் அவர்களுக்குப் பட்டறை, கிடங்கு, அலுவலகம் எல்லாம். இருவரும் சோப்புக் காய்ச்சி இணையத்தில் விற்கிறார்கள். வாடிக்கையாளர்கள் பணம் கட்டும் பழைய முறையை வங்கி இன்று மாலையோடு மூடுகிறது. அதற்குள் புதிய முறையைக் கடையில் பொருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு சோப்புகூட விற்காது. ஆள் வைத்துச் செய்ய வசதியில்லாததால் காலையிலிருந்து அவனே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான்.

பழைய முறையில், போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை வாங்குகிறவர் அடிக்க வேண்டும். தப்பாக அடித்தால் ஆர்டர் அந்தரத்தில் தொங்கும். கடைக்காரர் போன் போட்டுப் பேசித்தான் அதை முடித்துவைக்க வேண்டும். புதியதில் அந்தத் தலைவலி இல்லை. விரலை வைத்தால் பணம் வந்துவிடும். வராவிட்டால் ஆர்டரே கடைக்கு வராது. யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

“தப்பு மேடத்துக்கு இந்தப் புதுசெல்லாம் சரிப்பட்டு வராதுங்க” என்றாள் மனைவி மறுபடியும்.

தப்பு மேடம் என்று பெயர் வைத்தவனே அவன்தான். மாதாமாதம் அந்த அம்மாளின் ஆர்டர், அவர் தெருமுனை மருந்துக் கடைக்காரர் பெயரில் வரும். வீட்டில் ஆள் இருக்க மாட்டார்களாம், பார்சலைக் கடையில் கொடுத்துவிட வேண்டுமாம். ஆர்டர் வருகிற தேதி முன்னே பின்னே ஆகலாம், எண்ணைத் தப்பாக அடிப்பது மட்டும் மாறவே மாறாது. மனைவிதான் போன் செய்வாள். பேச்சு நீண்டுகொண்டே போகும்.

“ஆறு நம்பரைப் பார்த்து அடிக்கத் தெரியல, அதுக்கு உன் சிபாரிசு வேற. அவங்ககிட்ட பேசும்போதெல்லாம் நீ ஏன் என் பக்கத்துலயே வந்து நிக்கறே? நான் கத்தினாலும் நகர மாட்டேங்கறே.”

“உள்ள சிக்னல் இல்லைங்க.”

“என் கழுத்துக்கிட்ட மட்டும் டவர் வெச்சிருக்காங்களா?”

இப்படி ஏதாவது சொன்னால் சிரித்துவிடுகிறவள், இன்று சிரிக்கவில்லை.

“நம்பர்னா எங்க அக்காதான்” என்றான், கொஞ்சம் இறங்கி. “கணக்கு டீச்சர். கடைக்காரர் கூட்டி முடிக்கறதுக்குள்ள மிச்சம் எவ்வளவு வரணும்னு சொல்லிடுவா.”

அக்காவோடு அவனுக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இருந்த வேலையை விட்டுவிட்டுச் சோப்புக் காய்ச்சப் போகிறேன் என்று நின்றபோது, “இதுக்காடா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று கேட்டாள். கேட்டதில் என்ன தப்பு? அவன்தான் ஆத்திரத்தில், “இனிமே எனக்குப் போன் பண்ணாதே” என்று கத்தினான். அவள் மனசு கேட்காமல் பண்ணினாள். இவன் நம்பரையே மாற்றிவிட்டான்.

ஆத்திரம் அடங்க வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்கப்புறம் எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்து, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது என்று கீழே வைத்திருக்கிறான்.

“ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்” என்றாள் மனைவி மெதுவாக.

“அவ என்னை எப்பவோ தலைமுழுகியிருப்பா. நான் அவ இடத்துல இருந்தா போனையே எடுக்க மாட்டேன்.”

பேச்சை வெட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினான். பழைய முறையை நீக்கும் பொத்தானைத் தட்டினான். நிச்சயமாகத்தானா என்று திரை கேட்டது.

“கொஞ்சம் பொறுங்க...” என்றாள் அவள்.

தட்டிவிட்டான். “முடிஞ்சுது. இனிமே நானே நினைச்சாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.”

மனைவி சோப்பைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாற்போல் இருந்தது. தூள் பட்டிருக்கும் என்று நினைத்தான்.

“காலையில அந்த மேடம் ஆர்டர் ஒண்ணு வந்து தொங்குது. அவங்களுக்கு மட்டும் சொல்லிடறேன்.”

வழக்கம்போல் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஆனால் போனைக் காதில் வைக்காமல், ஸ்பீக்கரைப் போட்டு அவன் மேசைமேல் வைத்தாள்.

“மேடம், சோப்புக் கடையிலேருந்து பேசறேன். நம்பர் அடிக்கிற முறை இன்னையோட போச்சு மேடம். இனிமே தப்பா அடிக்கவே முடியாது. நாங்க உங்களுக்குப் போன் பண்றதுக்குக் காரணமும் இருக்காது.”

அப்போது பார்த்து அவனுக்கு இருமல் பீறிட்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தக் குரல் சொன்னது:

“பரவால்லம்மா, நானும் எத்தனை நாளைக்குத்தான் வேணும்னே தப்பா அடிக்கறது? மழைன்னா தம்பிக்குச் சின்னதுலேருந்தே இப்படித்தான் இருமும், வெந்நீர் வெச்சுக் குடு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, குடிக்க மாட்டான்.”