எந்த சாஸ்தா?

“எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க.”

“ஆலடி சாஸ்தா.”

“எந்தப் பக்கம்?”

“சுந்தரபாண்டியபுரம் பக்கம், வாய்க்காலத் தாண்டி. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோட போவோம். போதுமாட்டீ?”

“போதும். உள்ள என்ன நடந்தாலும் முழிக்காதீங்க,” என்றபடி அகிலா கேட்டைத் திறந்தாள்.

நம்பிராஜன் சாஸ்தா பேரை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான். கல்யாணமாகி மூன்று மாதம். அவன் ஒரு சாதி, அவள் ஒரு சாதி. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் அறையில்தான் குடித்தனம். இப்போது சாரல் விழுந்தாயிற்று. சீசனுக்கு ஆள் வரும், வெள்ளிக்கிழமைக்குள் காலி பண்ணுங்கள் என்று லாட்ஜ்காரர் சொல்லிவிட்டார். தென்காசியில் மூன்று வீடு பார்த்தார்கள். மூன்றிலும் உண்மையைச் சொன்னார்கள். மூன்றிலும், ‘அடடா, நேத்துதான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்’ என்றார்கள். அதில் ஒரு வீட்டு வாசலில் ‘வாடகைக்கு’ போர்டு இன்னும் தொங்குகிறது.

அதனால் இந்த நாலாவது வீட்டில் பொய் சொல்வதென்று முடிவு. வீட்டுக்காரர் அகிலாவின் சாதி. அவனும் அதே சாதி என்று சொல்லிவிட வேண்டியது.

வீட்டுக்காரர் காந்திமதிநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “தம்பி எங்க வேல பாக்கிய?”

“பைக் ஷோரூம்ல அண்ணாச்சி. இவ ஸ்கூல்ல கணக்கு டீச்சர்.”

“நல்லது, நல்லது. பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தாவுக்குப் போவிய?”

வந்துவிட்டது கேள்வி. சாதி என்னவென்று நேராகக் கேட்டால் மரியாதையில்லை. குலதெய்வமான சாஸ்தா பேரைக் கேட்டால் சாதி, சனம், தாத்தா பேர் எல்லாம் தானாக வந்து விழும்.

“ஆலடி சாஸ்தா, அண்ணாச்சி. சுந்தரபாண்டியபுரம் பக்கம், வாய்க்காலத் தாண்டி.”

“அட, நம்ம ஆளுகல்லா! ஏ மங்களம், காப்பி கொண்டா!”

அவர் மனைவி மங்களேஸ்வரி தட்டில் இரண்டு டம்ளரோடு வந்தாள். நுரை ததும்பும் காப்பி. நம்பிராஜன் கையை நீட்டினான்.

“ஏம்மா, ஒங்க அப்பா வீட்டுக்கு எந்த சாஸ்தா?” என்று அகிலாவைக் கேட்டாள் மங்களேஸ்வரி.

“எங்களுக்கும் ஆலடி சாஸ்தாதான் ஆச்சி,” என்றாள் அகிலா, பளிச்சென்று.

தட்டு பாதியில் நின்றது. நம்பிராஜன் அகிலாவைத் திரும்பிப் பார்த்தான். வேறு சாஸ்தா பேரைச் சொல்கிறேன் என்றுதானே சொல்லியிருந்தாள்? இப்படியா உளறுவாள்!

“ஏங்க, கேட்டியளா! ஒரே சாஸ்தான்னா பங்காளில்லா! அண்ணன் தங்கச்சி முறைல்லா ஆகுது!” மங்களேஸ்வரி காப்பித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

காந்திமதிநாதன் துள்ளி எழுந்தார். “ஏலே, தங்கச்சி கழுத்துலயா தாலி கெட்டுன? சவத்தெளவு! விளக்கேத்துத நேரத்துல என் வீட்டுக்குள்ளயா வந்து உக்காந்திருக்கிய?”

“அண்ணாச்சி, அது வந்து...”

“பேசாதலே! ஏம்மா, ஒங்க அப்பா நம்பரச் சொல்லு. இப்பவே கூப்புடுதேன்.” போனைக் கையில் எடுத்துவிட்டார்.

அகிலா தரையில் சரிந்து ஓவென்று அழுதாள்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி! பொய் சொல்லிட்டோம். நான் மட்டுந்தான் ஆலடி சாஸ்தா. இவ்வோ நம்ம ஆளுகளே இல்ல. வேற சாதி!”

காந்திமதிநாதன் போனைக் கீழே வைத்தார்.

“வேற சாதியா?”

“ஆமா அண்ணாச்சி.”

“சத்தியமா?”

“எங்க சாஸ்தா மேல சத்தியமா.”

காந்திமதிநாதன் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்பாடா! வேற சாதிதானா! வயித்துல பால வாத்தியேம்மா!”

“இத மொதல்லயே சொல்லப்பிடாதாட்டீ? ஈரக்கொல நடுங்கிட்டு,” என்று மங்களேஸ்வரி தட்டை மறுபடி நீட்டினாள். “குடிங்க, ஆறிப்போவுது.”

“அது சரி, தம்பி என்ன ஆளுக...” என்று ஆரம்பித்தார் காந்திமதிநாதன்.

“எந்த ஆளா இருந்தா ஒங்களுக்கென்ன? அண்ணன் இல்லேல்லா! சாவிய எடுத்துக் குடுங்க,” என்று குறுக்கே புகுந்தாள் மங்களேஸ்வரி.

“எங்க வீட்டு ஆளுக வந்து சத்தம் போட்டா...” என்று நம்பிராஜன் இழுத்தான்.

“வரட்டுமே! முறை தப்பாமக் கல்யாணம் பண்ணுன பிள்ளைகள எவன் என்ன சொல்லிருவான்? நான் கேக்கேன்!” என்று மார்தட்டினார் காந்திமதிநாதன்.

வெளியே வந்தபோது சாரல் முகத்தில் அடித்தது. நம்பிராஜன் வண்டியைக் கிளப்பினான்.

“எனக்கு உசிரே போயிட்டுட்டீ! பதட்டத்துல ஒளறிட்ட. ஏதோ நம்ம நல்ல நேரம், தப்பிச்சோம்.”

“யாரு, நானா ஒளறுனேன்?” அகிலா பின்னால் ஏறி உட்கார்ந்து, சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். “ரெண்டு நாளா ஒத்திக பாத்த அழுகைங்க அது. வேற சாதின்னு உள்ள போனா, வாசல்லயே அனுப்பிருவாங்க. அண்ணன் தங்கச்சின்னு உள்ள போயி வேற சாதின்னு வெளிய வந்தா, காப்பியும் குடுத்துச் சாவியும் குடுப்பாங்க!”