விலாசத்தில் ஆள் இல்லை

“உங்க விசா நீட்டிப்பு நின்னு போச்சும்மா” என்றார் விசா ஏஜெண்ட் நைனா முகமது, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வஞ்சுளவல்லி எழுந்து நின்றுவிட்டாள்.

“ஏன் பாய்? போட்டோ சரியில்லையா? இப்பவே வேற எடுத்துட்டு வாரேன்.”

“போட்டோ இல்லம்மா. போலீஸ் விசாரணையில, ‘கொடுத்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை’ன்னு எழுதிட்டாக. வீடு பூட்டிக் கெடந்துச்சாம். பக்கத்து வீட்டுல கேட்டாகளாம். செவ்வாக்கிழமை காலைல.”

செவ்வாய்க்கிழமையும் அவள் இதே ராஜபாளையத்தில்தான் இருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் தங்கை மாதவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளைப் பஸ் ஏற்றி, இறக்கி, திரும்பக் கூட்டிப் போக வேறு ஆள் கிடையாது. மலேசியாவில் நாற்பது வருஷம் இருந்தவள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இங்கே வந்ததே அதற்காகத்தான். பிறந்தது இங்கே பக்கத்தில், சுந்தரபாண்டியத்தில். கையில் இருப்பது மலேசியா பாஸ்போர்ட்.

“இன்னும் எத்தனை நாள் இருக்கு பாய்?”

“ஒம்பது நாள். இல்லைன்னு சொன்னவுகளே ஸ்டேஷனுக்கு வந்து மாத்திச் சொன்னாத்தான் சீக்கிரம் முடியும். பக்கத்து வீட்டுல யாரு?”

ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் ஆவுடையம்மாள்.

வஞ்சுளவல்லி காகிதங்களைப் பைக்குள் திணித்தாள்.

ஆவுடையம்மாளுக்கு அவளை வந்த நாளிலிருந்தே ஆகாது. வஞ்சுளவல்லி வீட்டில் போட்டுக்கொள்கிற பூப்போட்ட நீளக் கவுனைப் பார்த்துவிட்டு, “சன்னல் துணியச் சுத்திக்கிட்டுத் திரியுதா மலேசியாக்காரி” என்று தெரு முழுக்கச் சொன்னவள்.

போன மாதம் வாசலில் வெங்காயத் தோலைக் கொட்டியது யார் என்று சண்டை. “நீங்க கொட்டலேன்னா ஆண்டாள் மேல சத்தியம் பண்ணுங்க மதினி” என்றாள் வஞ்சுளவல்லி. அதுவரை கத்திக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் பேசாமல் விளக்குமாற்றை எடுத்து வந்து கூட்டினாள். “அவ பேரச் சொல்லி எனக்குப் பொய் வராதுட்டி” என்று முணுமுணுத்தபடியே.

அது மட்டுமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொடியில் காய்ந்த இரண்டு கவுனையும் காணவில்லை. வாசலில் கிடந்த ரப்பர் செருப்பையும் காணவில்லை. நாய் இழுத்துப் போயிருக்கும் என்றாள் மாதவி. கொடியில் கிடப்பதை எந்த நாய் இழுக்கும்?

டயாலிசிஸ் முடிந்த மாதவியைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும்போது பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. வஞ்சுளவல்லி பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தாள்.

“போனாப் போவுதுக்கா” என்றாள் மாதவி, அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடியபடி. “நீ போகணும்னா போ. நான் தனியா வந்துக்கிடுவேன்.”

பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாதவிக்குக் கால் நிற்கவில்லை.

அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு வஞ்சுளவல்லி நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஆவுடையம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“மதினி, செவ்வாக்கிழமை போலீஸ் வந்தாகளா?”

“வந்தாக.”

“என்னையக் கேட்டாகளா?”

“கேட்டாக.”

“நீங்க என்ன சொன்னீய?”

“அப்படி ஒருத்தியும் இங்க இல்லன்னு சொன்னேன்.”

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

“என்னைய உங்களுக்குப் புடிக்காது, சரி. மாதவி உங்களுக்கு என்ன பண்ணுனா? நான் போயிட்டா அவள யாரு கூட்டிட்டுப் போவா?”

ஆவுடையம்மாள் கீரையை ஒதுக்கி வைத்தாள். எழுந்து உள்ளே போனாள். ஒரு துணிக்கடைப் பையோடு வந்தாள். அதற்குள் மடித்து வைத்த இரண்டு கவுன். அடியில், பேப்பரில் சுற்றிய ரப்பர் செருப்பு.

“களவாண்டதும் நீங்கதானா?”

“களவாண்டேனாம். எனக்கு எதுக்குட்டி சன்னல் துணி? திரும்ப வந்து பாப்பேன்னு சொல்லிட்டுப் போனான் அந்தப் போலீசு. ஊருக்குள்ள உன்னைய விட்டா இந்தக் கோலத்துல யாரு திரியுதா? இது கொடியில தொங்குனா நான் சொன்னத நம்புவானா?”

வஞ்சுளவல்லி விழித்தாள்.

“மலேசியா, பாஸ்போட்டுன்னு பேசுனான். உன்னையப் புடிச்சு ஏத்தி அனுப்பத்தான் வந்துட்டான்னு எனக்குப் பதறிப்போச்சு. நீ போயிட்டா அந்தப் புள்ள மாதவி என்ன ஆவா?”

வஞ்சுளவல்லி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“மதினி, அவுக என்னைய அனுப்ப வரல. இங்கயே இருக்க வைக்கத்தான் விசாரிக்க வந்தாக.”

ஆவுடையம்மாள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“இப்ப என்னட்டி செய்யணும்?”

“ஸ்டேஷனுக்கு வந்து நிசத்தச் சொல்லணும்.”

“வாரேன். பொய் சொன்னதுக்கு உள்ள போட்டாலும் போடட்டும். ஆனா அதுக்கு முந்தி செத்த நேரம் கோயிலுக்குப் போயிட்டு வந்திருதேன்.”

“இந்த அவசரத்துல கோயிலுக்கு எதுக்கு மதினி?”

“லேசுல நம்பலட்டி அவன். உனக்காக ஆண்டாள் மேல சத்தியம் பண்ணிட்டேன்.”